நாலு விரல் மட்டும் போன குச்சி

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர். பஸ் ஸ்டாப்புக்குக் கீழே ரோடு திரும்பும் இடத்தில் மண் சரியாமல் தாங்கும் தாத்தா காலத்துக் கல்லுக்கட்டு ஒன்று இருந்தது. சிமெண்ட் கிடையாது. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த முகம் எதில் உட்காரும் என்று தேடி அடுக்கியது. 2009 நவம்பர் மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனார்களே, அப்போதுகூட அது அசையவில்லை. கல்லுக்குக் கல் இடைவெளி; தண்ணீர் அதுபாட்டுக்கு வடிந்து போய்விட்டது.

இரண்டு வருடம் முன்பு ரிவர்ஸில் வந்த லாரி ஒன்று இடித்து ஆறடி சரிந்தது. மனு கொடுத்தோம். இரண்டு கொத்தனார், ஒரு வாரம், அவ்வளவுதான் வேலை. ஒரு வருடம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் திடீரென்று ஒரு பிப்ரவரியில் பொக்லைன் வந்தது. நன்றாக நின்ற பகுதியையும் சேர்த்துத் தோண்டிப் போட்டுவிட்டு, முழு நீளத்துக்கும் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். மார்ச் 31க்குள் வேலை முடிந்தது. மஞ்சள் பலகை வைத்தார்கள். அதில் தொகை பதினெட்டு லட்சம்.

மலையில் இருப்பவர்களுக்கு இந்த மார்ச் கதை புதிதல்ல. நிதியாண்டு முடிவதற்குள் செலவு செய்யாவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிவிடும். அதனால் வருடம் முழுக்கத் தூங்கிய வேலைகள் கடைசி ஆறு வாரத்தில் ஓடும். ஜல்லி லாரி ஏறி இறங்கியே நல்ல ரோடும் பாழாகும்.

அந்தச் சுவரைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பளிச்சென்று இருந்தது. பக்கத்து வீட்டுக் கொத்தனார் அண்ணன்தான் ஒருநாள் நடந்து போகும்போது நின்றார். சுவரில் வரிசையாக வெள்ளை பிவிசி பைப் முனைகள் தெரியும். பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியே வருவதற்கான வழி; கொத்தனார்கள் வீப் ஹோல் என்பார்கள். அண்ணன் வேலியில் இருந்து ஒரு குச்சியை ஒடித்து ஒரு பைப்புக்குள் விட்டார். நாலு விரல் அளவு போய் நின்றுவிட்டது. அடுத்த பைப்பிலும் அதே கதை. பைப்பைத் துண்டு துண்டாக வெட்டி, முன்பக்கம் மட்டும் பதித்து, கான்கிரீட்டைக் கொட்டியிருக்கிறார்கள்.

"இது பூ வச்ச மாதிரி தம்பி, சும்மா அழகுக்கு. ரெண்டு மழை போகட்டும், செவுரு நிறைமாசக்காரி மாதிரி வயிறு தள்ளும் பாருங்க."

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர், நவம்பரில் மண் ஊறிப்போய், ஈர மண்ணின் பாரத்தோடு தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரை முன்னால் தள்ளும். ஆகவே பதினெட்டு லட்சம் போட்டு, முன்பு இல்லாத ஓர் ஆபத்தைக் கட்டிவைத்திருக்கிறோம்.

அரசுப் பணம் வீணாகிறது என்றதும் நம் ஆட்கள் உடனே இலவசம் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. மகளிருக்கு இலவசப் பஸ் மலைக்கும் வந்த பிறகு, இலை பறிக்கப் போகும் அக்காக்களுக்கு மாதாமாதம் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சுவரில் போன பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

2021 ஆகஸ்டில் தமிழக அரசே நிதிநிலை வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்று அதில் கணக்குச் சொன்னார்கள். எங்கள் ஊர் வாட்ஸப் குரூப்பில் அது பத்து நாள் சுற்றியது. எல்லோரும் "எல்லாரும் திருடனுங்க" என்று போட்டுவிட்டு இலை பறிக்கப் போய்விட்டோம். அவ்வளவு பெரிய தொகையை வைத்து ஒரு தனி மனிதன் என்ன செய்ய முடியும்? பெருமூச்சு விடலாம். சுவர் அப்படியில்லை. அதை நான் தொட்டுப் பார்க்கலாம், குச்சி விட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று, திருட்டு மட்டும்தான் வீண்செலவு என்று நினைக்காதீர்கள். அந்த ஆறடிக்குப் பதில் முழுச் சுவரையும் இடித்தது சட்டப்படி, கையெழுத்தெல்லாம் சரியாக இருந்து நடந்தது. புதிதாகக் கட்டக் கிடைக்கும் நிதி, இருப்பதைப் பழுது பார்க்கக் கிடைக்காது. பராமரிப்புக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை அல்லவா? நாமும் அப்படித்தான். சமுதாயக் கூடத்தின் ஷீட் ஒழுகுகிறது, அதை மாற்றக் கேட்காமல் இரண்டாவது கூடம் கேட்டு மனு எழுதுகிறோம். ரோட்டோரக் கால்வாயைத் தூர்வாரச் சொல்லி இந்த ஊரிலிருந்து ஒரு மனுகூடப் போனதில்லை.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். தகவல் உரிமைக்குத் தமிழ்நாடு 1997லேயே சட்டம் போட்டது; விலக்குகள் நிறைந்த சட்டம் அது. இப்போது நமக்குக் கைகொடுப்பது 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டேன். "நன்றாக இருந்த சுவரை ஏன் இடித்தீர்கள்?" என்று கேட்டிருந்தேன். ஏன், எதற்கு என்ற கேள்விகளுக்கு விளக்கம் தர வழியில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கோபம் வந்தது. ஆனால் தப்பு என்னுடையதுதான். அந்தச் சட்டத்தில் கேட்க வேண்டியது காரணம் இல்லை, காகிதம்.

இரண்டாவது மனுவில் மூன்றே மூன்று கேட்டேன்: மதிப்பீட்டின் நகல், வேலை உத்தரவின் நகல், முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவைப் புத்தகத்தில் (எம் புக் என்பார்கள்) இந்த வேலைக்கான பக்கங்கள். முப்பது நாள் ஆகியும் பதில் இல்லை. மேல்முறையீடு செய்தேன். தகவல் ஆணையம் வரை போனால், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அந்த அலுவலரின் சொந்தப் பணத்தில் அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை எழுதவில்லை, ஆனால் அவர்களுக்குத் தெரியாததா? பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது.

வந்த காகிதங்களில் எனக்கு முக்கியமானது இரண்டு வரி. பைப் சுவரின் முழுக் கனத்துக்கும் போட்டதாகவும், சுவருக்குப் பின்னால் வடிகட்ட ஜல்லி நிரப்பியதாகவும் அளந்து எழுதியிருந்தது. அளந்தவர் குச்சி கொண்டுவரவில்லை போலிருக்கிறது.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: இந்தச் சட்டம் வெறும் நகலோடு நிற்பதில்லை. நடந்த வேலையை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. அதையும் எழுதிக் கேட்டேன். இளம் பொறியாளர் ஒருவர் வந்தார். கொத்தனார் அண்ணன் புதிதாக ஒரு குச்சி ஒடித்துக் கொடுத்தார். அவரே விட்டுப் பார்த்தார். நல்ல பையன், முகம் சிவந்துவிட்டது. அவர் இந்தப் பதவிக்கு வருவதற்கு முன்பே எம் புக் எழுதி முடித்திருந்தார்கள்.

எங்களுக்கு நேரம் நன்றாக இருந்தது. ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகை இன்னும் அலுவலகத்தில் இருந்தது. குறை வந்தால் அவரே சரிசெய்து தர வேண்டிய காலம் முடியவில்லை. அது முடிந்து பணமும் கைமாறியிருந்தால் நான் இன்றைக்கும் கடிதம்தான் எழுதிக்கொண்டிருப்பேன். அதனால் கேட்பதை வேலை நடக்கும்போதே கேளுங்கள். முடிந்தால் அதற்கும் முன்னால். 1998லேயே டெண்டர் வெளிப்படைத்தன்மைக்குத் தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. அரசின் டெண்டர் தளத்தில் நம் ஊர்ப் பெயரைத் தேடிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

கிராம சபையும் இப்போது வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாம் போவது டீக்கும் போண்டாவுக்கும். தீர்மானப் புத்தகத்தில் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். போன முறை நாங்கள் எட்டுப் பேர், முதலில் வாசித்துக் காட்டுங்கள் என்று உட்கார்ந்துவிட்டோம். செயலர் முறைத்தார், ஆனால் வாசித்தார். அதில் நாங்கள் யாரும் கேட்காத ஒரு அலங்கார வளைவு இருந்தது. எடுக்கச் சொன்னோம், அந்த வரியை அடித்தார்கள். காட்டெருமை நிற்கும் ரோட்டுத் திருப்பத்தில் யாரை வரவேற்க?

சுவருக்கு வருகிறேன். ஆள் வந்து டிரில் போட்டுத் துளைகளை முழுதாகத் திறந்தார்கள். பின்னால் ஜல்லி இல்லை, அதைப் போடச் சுவரையே இடிக்க வேண்டும். போன வார மழையில் போய்ப் பார்த்தேன். ஐந்து துளைகளில் சிவப்பாகத் தண்ணீர் வருகிறது, கூடவே மண்ணும். மேலே கால்வாய் அடைத்துக் கிடப்பதால்தான் இவ்வளவு தண்ணீர் சுவருக்குப் பின்னால் இறங்குகிறது. அதைத் தூர்வார இரண்டு ஆள், நாலு நாள் கூலி என்கிறார் அண்ணன். வரும் கிராம சபையில் அந்த ஒன்றை மட்டும் கேட்கப் போகிறோம். இரண்டாவது சமுதாயக் கூடம் கேட்கிறவர்களும் வருவார்கள், அவர்கள் எண்ணிக்கை எங்களைவிட அதிகம்.