குளிர்காலத்து மலை சறுக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமா?

"பனிச்சறுக்கு தெரியாதே, குளிர்காலத்தில் மலைக்குப் போய் என்ன செய்வது?" இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். கேட்பவர்மேல் தப்பில்லை. விளம்பரப் படம், விடுதிகளின் இணையதளம், சுற்றுலாக் கையேடு எல்லாமே சரிவில் பறந்து இறங்கும் ஆளையே காட்டுகின்றன. அது அருமையான விளையாட்டுதான். ஆனால் அது தெரியாது என்பதற்காக ஒரு பருவத்தையே வேண்டாம் என்று விட்டுவிடுவது பெரிய இழப்பு.

1924ல் பிரான்சின் ஷாமோனியில் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, மலைச்சரிவில் சறுக்கி இறங்கும் போட்டியே அதில் கிடையாது. கிராஸ் கன்ட்ரி (ஸ்கீ என்ற நீண்ட சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு நெடுந்தூரம் போவது), ஸ்கீ ஜம்பிங், ஐஸ் ஹாக்கி, ஸ்கேட்டிங், கர்லிங், பாப்ஸ்லெட் எல்லாம் இருந்தன. சரிவுச் சறுக்கு உள்ளே வந்தது 1936ல், ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டென்கிர்ஷனில். அதற்குச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வடதேசத்து மக்கள் வேட்டைக்கும் பயணத்துக்கும் ஸ்கீ கட்டி நடந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆட்களை மலைமேல் இழுத்துச் செல்லும் லிஃப்ட் பரவிய பிறகுதான் ஏறும் வேலை போய், இறங்குவதே முழு விளையாட்டாக மாறியது.

என்னைக் கேட்டால் முதலில் ஸ்னோஷூ. பூட்ஸுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் அகலமான சட்டம், அவ்வளவுதான். உடல் எடை பரவுவதால் முழங்கால் வரை புதைய வேண்டிய இடத்தில் கால் கொஞ்சம்தான் அமுங்கும். முன்பாதத்தை மட்டும் கட்டுவார்கள், குதிகால் தாராளமாக எழும்பும். அடியில் உள்ள உலோகப் பற்கள் இறுகிய பனியைக் கவ்விக்கொள்ளும். பல ஸ்னோஷூக்களில் குதிகாலுக்குக் கீழே மடக்குக் கம்பி ஒன்று இருக்கும். ஏற்றத்தில் அதை நிமிர்த்திவிட்டால் குதிகால் அதன்மேல் உட்காரும், கெண்டைக்கால் இழுக்காது. பின்பக்கமாக மட்டும் நடக்காதீர்கள், வால்பகுதி பனியில் குத்தி விழவைத்துவிடும். மற்றபடி நடக்கத் தெரிந்தவர் சிறிது நேரத்திலேயே பழகிவிடலாம். அறுபது வயதுப் பெற்றோரும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே பாதையில் சேர்ந்து போக முடிகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. சறுக்குப் பள்ளியில் ஆளுக்கொரு வகுப்பு, ஆளுக்கொரு சரிவு என்று குடும்பமே பிரிந்துபோகும்.

அப்புறம், மெதுவாகப் போகிறவருக்குத்தான் தடங்கள் கண்ணில் படும். முயலின் தடத்தைக் குனிந்து பாருங்கள். முன்னால் இரண்டு பெரிய பள்ளங்கள், பின்னால் இரண்டு சிறியவை. பெரியவை பின்னங்கால்கள். தாவும்போது அவை முன்னங்கால்களைத் தாண்டிப்போய் ஊன்றுகின்றன. இது தெரியாவிட்டால் முயல் எந்தப் பக்கம் போனது என்பதையே தலைகீழாகப் புரிந்துகொள்வோம். நரியின் தடம் கோடு போட்டதுபோல் ஒற்றை வரிசையில் போகும். புதுப்பனி ஒலியை உறிஞ்சிக்கொள்வதால், நடையை நிறுத்தினால் நம் மூச்சுதான் கேட்கும்.

அமைதி வேண்டாம், வேகம் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்லெட்ஜ், அதாவது உட்கார்ந்தபடி சறுக்கி இறங்கும் பனிவண்டி இருக்கிறது. குழந்தைகள் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். சுவிட்சர்லாந்தில் ஆல்புலா கணவாய்ச் சாலை குளிர்காலத்தில் வாகனங்களுக்கு மூடப்படும். அதில் பிரேடாவிலிருந்து பெர்குயுன் வரை 6 கிலோமீட்டர் ஸ்லெட்ஜ் பாதையாகிவிடும். கீழே வந்ததும் அதே ஸ்லெட்ஜோடு ரயிலேறி மறுபடி மேலே போகலாம். கிரிண்டல்வால்டில் ஃபாவுல்ஹார்ன் சிகரத்திலிருந்து இறங்கும் பாதை 15 கிலோமீட்டர். ஆனால் கேபிள் கார் நிற்கும் இடத்திலிருந்து ஸ்லெட்ஜை இழுத்தபடி ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஏற வேண்டும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்துக் காலைப் பனியில் அழுத்த வேண்டும், நிறுத்த இரண்டு கால்களையும் ஊன்ற வேண்டும். ஹெல்மெட் கட்டாயம் போடுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்பேன், பாதையோரம் மரங்கள் இருக்கின்றன.

உடம்பு நன்றாக வேலை செய்ய வேண்டும் என்றால் கிராஸ் கன்ட்ரி. பள்ளத்தாக்கில் இயந்திரம் வெட்டிவைத்த இரட்டைத் தடத்தில் கையும் காலும் சேர்ந்து உழைக்கும். ஸ்வீடனில் 1922 முதல் நடக்கும் வாசலோப்பெட் 90 கிலோமீட்டர்ப் பந்தயம். நமக்கு ஐந்து கிலோமீட்டரே போதும். கனத்த கோட்டு மட்டும் வேண்டாம், வியர்த்துக் கொட்டும்.

ஸ்னோமொபைல் என்ற பனியில் ஓடும் மோட்டார் வண்டிச் சவாரியைப் பற்றி என் கருத்து கடுமையானது. பொழுதுபோக்குக்காக அதைக் காட்டுக்குள் ஓட்டுவதை நிறுத்த வேண்டும். குளிர்காலத்தில் விலங்குகளுக்கு இரை குறைவு, சேர்த்துவைத்த கொழுப்பில்தான் வசந்தம் வரை தாக்குப்பிடிக்கின்றன. கருங்குரூஸ் என்ற காட்டுக்கோழி பனிக்குள் குழி பறித்து உள்ளேயே கிடந்து உடல் சூட்டைக் காக்கிறது. அதை ஒரு தடவை விரட்டினாலே இழப்பு பெரிது. இது நடப்பவர்களுக்கும் பொருந்தும். சுவிட்சர்லாந்தில் வனவிலங்கு அமைதி வலயங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அங்கே அடையாளமிட்ட பாதையை விட்டு விலகக் கூடாது.

பனிச்சரிவையும், அதாவது மலையிலிருந்து பனி பெயர்ந்து விழுவதையும் சொல்லியாக வேண்டும். ஸ்னோஷூவில் மெதுவாகத்தானே போகிறோம், நமக்கு என்ன ஆபத்து என்று நினைப்பவர்கள் நிறைய. ஆனால் விபத்துகளில் பெரும்பாலும் பனியைக் கிளப்பிவிட்டவர் சிக்கிக்கொண்டவரே, அல்லது கூட வந்தவர். சாய்வு 30 பாகையைத் தாண்டினாலே எச்சரிக்கை தேவை. நாம் நிற்பது சமதளமாக இருந்தாலும் தலைக்கு மேலே என்ன சாய்வு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் அபாய அளவு 1 முதல் 5 வரை. 3 என்றால் நடுத்தரம் என்று பலர் அசட்டையாக இருக்கிறார்கள். அதற்குப் பெயரே 'கணிசமான அபாயம்'. புதிதாகப் போகிறவர்கள் அன்றைய அறிக்கையைப் பார்த்துவிட்டு, திறந்திருக்கும் பாதையிலேயே போங்கள். அந்தப் பாதையை விட்டுத் தனியாக வெளியே போக வேண்டாம், வழிகாட்டியோடு போங்கள். கருப்புக் கண்ணாடியும் மறக்காதீர்கள், புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும்.

சரி, அறை பதிவு செய்யும் முன் விடுதிக்காரரிடம் லிஃப்ட் எத்தனை என்று கேட்பதோடு நிற்காதீர்கள். குளிர்கால நடைபாதை எவ்வளவு தூரம் இருக்கிறது, புதுப்பனி விழுந்த பிறகு அதை எத்தனை மணிக்குள் சீர்செய்வார்கள், ஸ்னோஷூவும் ஸ்லெட்ஜும் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு ஊர் பாருங்கள்.