சூர்யா போனாலி தகுதிநீக்கம் செய்யப்படவில்லை
ராயபுரம் ஸ்கேட்டிங் வகுப்புப் பெற்றோருக்கு வணக்கம். பிரெஞ்சு வீராங்கனை சூர்யா போனாலி, 1998 நாகானோ ஒலிம்பிக்கில் பனித்தளத்தில் பின்பக்கமாக அந்தர் பல்டி அடித்ததால் தகுதிநீக்கம் செய்யப்பட்டுத் தங்கத்தை இழந்தார் என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

அவர் பல்டி அடித்து ஒற்றைக் காலில் இறங்கியது உண்மை. 1970களிலேயே தடை செய்யப்பட்டு, அப்போதும் தடையில் இருந்த அசைவு என்பதால் புள்ளிகள் குறைக்கப்பட்டதும் உண்மை. ஆனால் தகுதிநீக்கம் நடக்கவில்லை. குறுநிகழ்ச்சி (போட்டியின் முதல் சுற்று) முடிவில் ஆறாம் இடத்தில் இருந்தவர், இறுதியில் பத்தாம் இடம் பெற்றார். தங்கம் அமெரிக்காவின் தாரா லிபின்ஸ்கிக்குப் போனது. ஐந்து முறை ஐரோப்பியச் சாம்பியனான போனாலிக்கு அதுவே கடைசி ஒலிம்பிக்.

சரிபார்க்க விரும்புவோர், ஒலிம்பிக்கின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நாகானோ 1998 மகளிர் ஒற்றையர் ஸ்கேட்டிங் முடிவுகளைத் திறந்து, போனாலி பெயருக்கு எதிரே பார்க்கலாம். தகுதிநீக்கம் ஆனவருக்குத் தரவரிசை எண் இருக்காது, அவருக்கோ 10 என்று இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்வதாக நண்பர் குறிப்பிட்டதாலேயே இதை எழுதுகிறேன்.