அம்மா சம்மதித்தால் போதுமா?
நோயை உறவினரிடம் மட்டும் சொல்லி நோயாளியிடம் மறைப்பது பாசத்தால் வரும் வழக்கம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாசம்தான், சரி. அது நோயாளிக்குப் பதிலாக உறவினரே சிகிச்சைக்குச் சம்மதம் கொடுப்பது வரை நீண்டால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி சமீரா கோலி வழக்கைப் பாருங்கள். 1995இல் 44 வயதான அவர் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் உள்ளே பார்ப்பது) பரிசோதனைக்குத்தான் முக்கியமாகச் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. கண் விழிக்கும் வரை பொறுத்திருக்கலாம். அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு 25,000 ரூபாய்தான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு புற்றுநோய்க்கான கீமோ மருந்தை ‘சத்து மருந்து’ என்றே சொல்லி ஏற்றினார்கள். சீப்பில் கொத்தாக வந்த முடியைக் காட்டி அவர் கேட்டபோது வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பயத்தைத் தனியாகவே சுமந்தார்.

எவ்வளவு தெரிய வேண்டும் என்று டாக்டர் முதலில் நோயாளியிடமே கேட்கட்டும். “என் மகனிடம் பேசிக்கொள்ளுங்கள்” என்று அவரே சொன்னால் அப்புறம் மகனிடம் பேசலாம்.