அந்தக் கத்தியை யாரும் மறக்க வேண்டாம்

"விண்வெளிப் படம்தானே, அதில் போய் லாஜிக் பார்க்கலாமா?" என்று இன்றைக்கும் ஒருவர் கிளம்பி வந்துவிட்டார். லேசர் வாளுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் யாராவது சண்டை போட்டிருக்கிறார்களா? ஸ்டார் வார்ஸ் தொடரில் வந்த தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கரை எடுத்தவர்களிடம் நாங்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான். உங்கள் தொடரின் முந்தைய படங்களை நீங்களே மதிக்கக் கூடாதா?

1983, ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய். நாயகன் லூக் பேரரசர் பாய்ச்சும் மின்னலில் துடிக்கிறான். அவனுடைய அப்பா, பேரரசரின் அடியாளான டார்த் வேடர் மகனைப் பார்க்கிறார், எஜமானைப் பார்க்கிறார், பிறகு பேரரசர் பால்பட்டீனை அலாக்காகத் தூக்கிப் பள்ளத்தில் வீசுகிறார். அந்த மின்னலைத் தன் உடம்பில் வாங்கித் தானும் சாகிறார். வேடரின் மொத்தக் கதையும் அந்த ஒரு செயலில்தான் முடிகிறது. (அதில் அவர் வாயே திறக்க மாட்டார். 2011 ப்ளூரேவில் "நோ!" என்று ஒரு கத்தலைச் சேர்த்து அதையும் கெடுத்தார்கள்.)

2019 டிசம்பரில் தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர். பால்பட்டீன் திரும்பி வந்துவிட்டாராம். எப்படி? "எப்படியோ" என்கிறார் நாயகியின் கூட்டத்து விமானி போ டேமரன். இன்னொருவர் குளோனிங், சித்துகளின் (பால்பட்டீனின் தீய சக்திக் கூட்டம்) ரகசியம் என்று ஒரு வரி சேர்க்கிறார். விளக்கம் அதோடு சரி. விண்மீன் மண்டலமே கேட்டு நடுங்கியதாகச் சொல்லப்படும் அவருடைய மிரட்டல் பேச்சு படத்திலேயே இல்லை. அதைச் சில நாள் முன்னால் ஃபோர்ட்நைட் வீடியோ கேமில் போட்டார்கள். கதையின் ஆணிவேரைக் கேமில் வைத்துவிட்டுத் தியேட்டருக்கு வருகிறவனிடம் மிச்சத்தை நீட்டுவது என்ன நியாயம்?

2015, 2017, 2019 என வந்த மூன்று படத்தையும் கை மாற்றி மாற்றி எழுதியதன் விளைவு இது. 2015இல் வில்லன் ஸ்னோக் யார், நாயகி ரேவின் பெற்றோர் யார் என்று இரண்டு முடிச்சுகளைப் போட்டார்கள். 2017 படம் ஸ்னோக்கைப் பாதியிலேயே வெட்டிப் போட்டது; ரேவின் பெற்றோர் குடிக்கக் காசில்லாமல் மகளை விற்ற சாதாரணர்கள் என்றது. பிடிக்கிறதோ இல்லையோ, அது ஒரு பதில். கடைசிப் படத்தை இயக்க இருந்தவர் 2017 செப்டம்பரில் விலக, முதல் படத்தின் இயக்குநர் திரும்ப வந்தார். வில்லனும் இல்லை, நேரமும் இல்லை. 2019 மே மாதத்தில் வர வேண்டிய படத்தை டிசம்பருக்குத் தள்ளினார்கள், அவ்வளவுதான். உடனே ரே பால்பட்டீனின் பேத்தி ஆகிவிட்டாள். பெரிய குடும்பத்தில் பிறக்காதவளுக்கும் சக்தி வரலாம் என்ற அழகான விஷயம் அங்கேயே செத்தது.

சரி, கத்திக்கு வருவோம். பால்பட்டீன் ஒளிந்திருக்கும் எக்ஸெகோல் கிரகத்துக்குப் போக வழிகாட்டிக் கருவி வேண்டும். அது இருக்கும் இடம் ஒரு கத்தியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கத்தி பசானா கிரகத்தின் மணலுக்கு அடியில் கிடக்கிறது. எழுத்தை ரோபோ சீ-த்ரீபியோ படித்துவிடும், ஆனால் சித்து மொழியை வாய்விட்டுச் சொல்ல அதன் நிரலில் தடை. அதற்காகக் கிஜிமி கிரகத்துக்குப் போய், தலையைத் திறந்து, நினைவையே அழிக்கிறார்கள். கிடைக்கும் பதில்: கருவி பேரரசின் பெட்டகத்தில், எண்டோர் மண்டலத்தில் ஒரு நிலவு, அங்கே இன்ன இடம், தெற்குக் கரையிலிருந்து.

அதோடு முடிந்திருக்க வேண்டும். இல்லை! ரே கரைமேட்டில் நின்று, கத்திக்குள்ளிருந்து ஒரு வளைந்த தகட்டை இழுத்து, கண்ணுக்கு நேரே பிடிக்கிறாள். கத்தியின் விளிம்பும் கடலில் கிடக்கும் டெத் ஸ்டார் (பேரரசரின் பழைய விண்வெளிக் கோட்டை) இடிபாட்டின் விளிம்பும் அப்படியே பொருந்துகின்றன. இப்படிப் பொருந்த நிற்கும் இடம், நிற்கும் உயரம், கண்ணுக்கும் கத்திக்கும் உள்ள தூரம் மூன்றும் பிசகாமல் அமைய வேண்டும். பத்தடி நகர்ந்தால் முன்னால் இருக்கும் தூண் பின்னால் இருப்பதை மறைத்துவிடும். முழங்கையைக் கொஞ்சம் மடக்கினால் கத்தி பெரிதாகத் தெரியும். "தெற்குக் கரை" என்றால் எந்த இடம்? எவ்வளவு உயரம்? போதாததற்கு அந்த இடிபாட்டை மலை மலையாக அலைகள் அடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரே ஒரு துண்டு உடைந்து விழுந்தாலும் விளிம்பின் வடிவம் மாறிவிடும்.

இன்னொன்று. கத்தியை இப்படி வார்க்க ஒருவர் அதே கரையில் நின்று அளவெடுத்திருக்க வேண்டும். அத்தனையும் தெரிந்தவர், அந்தப் பெட்டகம் பேரரசரின் சிம்மாசன அறையை ஒட்டி இருக்கிறது என்று இன்னும் ஒரு வரி பொறித்திருக்கலாமே!

இவ்வளவு பாடுபட்டு ரே எடுத்த கருவியை அவளைத் துரத்தி வந்த வில்லன் கைலோ ரென் அங்கேயே நொறுக்குகிறான். கடைசியில் அவள் எக்ஸெகோலுக்குப் போவது கைலோவின் கப்பலில் இருந்த இன்னொரு கருவியை வைத்து. அப்படியென்றால் கத்தி எதற்கு, கிஜிமி எதற்கு, சீ-த்ரீபியோவின் தியாகம் எதற்கு?

அந்தத் தியாகமும் நிலைக்கவில்லை. இன்னொரு ரோபோ ஆர்டூ-டீடூ பழைய நினைவைத் திரும்ப ஏற்றிவிடுகிறது. ரோமம் அடர்ந்த கூட்டாளி செவ்பாக்கா செத்துவிட்டது என்று பதறவைக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் வேறு கப்பலில் பத்திரமாக இருக்கிறது. இப்படி இழந்ததெல்லாம் திரும்பி வருகிற படத்தில், அப்பாவைக் கொன்ற பாவத்தோடு வாழ்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டிய பென் சோலோ (கைலோ ரென்னின் உண்மைப் பெயர்) சட்டென்று செத்து மறைந்துவிடுகிறான்.

முடிவில் லூக், அவனுடன் பிறந்த லேயா இருவரின் வாள்களையும் டாட்டூயின் கிரகத்துப் பண்ணையில் புதைக்கிறாள் ரே. 1977 படத்தில் லூக் எப்போது தப்பிக்கலாம் என்று தவித்த இடம் அது. அவனை வளர்த்த மாமாவும் அத்தையும் எரிந்து கிடந்த இடம். லேயா அங்கே வாழ்ந்ததே இல்லை. ஜப்பா என்ற கடத்தல் தலைவனிடம் அவள் சங்கிலியில் கிடந்தது அந்தக் கிரகத்தில்தான். அவள் வளர்ந்தது ஆல்டரான் கிரகத்தில். கதாசிரியருக்கு இது தெரியாமலா இருக்கும்?

இதையெல்லாம் விடுங்கள், ஃபின்னுக்கு என்ன பதில்? முதல் படத்தில் துப்பாக்கியை இறக்கிவிட்டு ஓடிவந்த சிப்பாய், அவன் கையில் வாளைக் கொடுத்துப் போஸ்டர் அடித்தீர்களே! இந்தப் படத்தில் புதைமணலில் மூழ்கும்போது "ரே, உன்னிடம் நான் சொல்லவே இல்லை..." என்று ஆரம்பிக்கிறான். என்ன அது என்று போவும் கேட்கிறார். 142 நிமிடப் படம் முடிகிறது. அவன் அதைச் சொல்லவே இல்லை.