எங்கள் வீட்டில் ஒரே செபம் இரண்டு இடத்தில் முடியும்

ஆச்சியை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று ராத்திரி, கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் செபம் சொல்ல உட்கார்ந்தோம். அம்மா வழி ஆச்சி. தூத்துக்குடிக் கடற்கரை, ஆர்.சி., அதாவது கத்தோலிக்கம். அப்பா வழி பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ., சீர்திருத்தச் சபை. அன்றைக்கு இரண்டு கூட்டமும் ஒரே கூடத்தில். இயேசு கற்பித்த செபத்தை மாமா ஆரம்பித்தார். பாதிப் பேர் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்றார்கள், பாதிப் பேர் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்றார்கள். நடுவில் குழம்பி, எங்கேயோ ஒன்றாகச் சேர்ந்து, ‘தீமையிலிருந்து’ வரைக்கும் வந்தாயிற்று. ஆர்.சி. பக்கம் ‘ஆமென்’ போட்டு நிறுத்திவிட்டது. சி.எஸ்.ஐ. பக்கம் நிற்கவில்லை. ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும்...’ என்று அத்தைமார்கள் நாலு பேர் தனியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி கொஞ்சம் வேகமாக.

இந்த இடம் எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். எந்த வீட்டில் எங்கே மூச்சை நிறுத்த வேண்டும் என்று கணக்கு வைத்திருப்போம்.

மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை. ‘நீங்க வசனத்தை வெட்டிட்டீங்க’ என்று ஒரு பக்கம், ‘நீங்கதான் ஒட்டவெச்சீங்க’ என்று இன்னொரு பக்கம். துக்க வீட்டில் பேசுகிற பேச்சா என்று பெரியவர்கள் அடக்கிவிட்டார்கள். எனக்கு அடங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வெட்டியதும் இல்லை, ஒட்டியதும் இல்லை. மத்தேயு நற்செய்தியின் மிகப் பழைய முழுப் பிரதிகள் நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் அந்தக் கடைசி வரி கிடையாது. ஆனால் அவற்றுக்கெல்லாம் முந்தி, முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட ‘திதாக்கே’ என்ற சின்ன ஒழுங்குநூலில் இந்தச் செபம் இருக்கிறது. அதில் ‘வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவை’ என்கிற முடிவும் இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவை இப்படிச் செபியுங்கள், புதன் வெள்ளி ஒருசந்தி இருங்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஆக, எழுதிய ஏட்டில் இல்லாதது சொல்லுகிற வாயில் இருந்திருக்கிறது. பின்னால் வந்த கிரேக்கப் பிரதிகளில் அது ஏறி, அவற்றை வைத்து மொழிபெயர்த்த சீர்திருத்தச் சபைகளின் பைபிளுக்கும் வந்துவிட்டது. லத்தீன் பைபிளில் ஏறவில்லை. அதனால் கத்தோலிக்கரிடம் இல்லை. ‘இல்லை’ என்பதுகூட சரியில்லை. ஞாயிறு பூசையில் சாமியார் நடுவில் ஒரு செபம் சொல்லி முடித்ததும் ‘ஆட்சியும் வல்லமையும் மாட்சியும் என்றென்றும் உமதே’ என்று சனம் சொல்லத்தான் செய்கிறது. வாட்ஸ்அப்பில் சண்டை போட்ட என் ஆர்.சி. மச்சானும் வாராவாரம் அதைச் சொல்லிவிட்டுத்தான் வருகிறான்.

என் கட்சி என்னவென்றால், மூலச் சொல் எங்களிடம்தான் இருக்கிறது என்று கிறிஸ்தவர்கள் யாரும் யாரோடும் சண்டை போட முடியாது. மூலச் சொல் யார் கையிலும் இல்லை. முதல் நாளிலிருந்தே இது மொழிபெயர்ப்பில் நடக்கிற மதம்.

இயேசு கலிலேயாவில் பேசியது அரமேயம். நற்செய்திகள் நாலும் கிரேக்கம். அதாவது ஆண்டவருடைய பேச்சை முதன்முதலாக ஏட்டில் பார்க்கும்போதே அது பெயர்ப்பு. அவர் வாயிலிருந்து வந்த அதே ஒலி என்று மிஞ்சியிருப்பது சில பருக்கைகள்தான். செத்துப்போன சிறுமியை எழுப்பும்போது சொன்ன ‘தலித்தா கூமி’. காது கேளாதவனிடம் சொன்ன ‘எப்பத்தா’. சிலுவையில் கதறிய ‘எலோயி எலோயி லாமா சபக்தானி’. கெத்செமனே தோட்டத்தில் கூப்பிட்ட ‘அப்பா’. நம்ம அப்பாவேதான். மொழிநூல்படி சொந்தமெல்லாம் ஒன்றும் கிடையாது, குழந்தை வாயில் வருகிற ஒலி எல்லா ஊரிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனாலும் மாற்கு 14:36ஐ வாசிக்கிற தமிழனுக்கு மட்டும் அங்கே அகராதி தேவைப்படாது.

குர்ஆனை அரபியில் ஓதினால்தான் ஓதல். வேதத்தை ஸ்வரம் தவறாமல் சொன்னால்தான் வேதம். அவரவர் முறை அது, அதற்கென்று ஒரு கம்பீரம் உண்டு. இங்கே அப்படி இல்லை. பெந்தெகொஸ்தே நாளில் கூட்டத்தில் அவரவர் தங்கள் தங்கள் பாஷையில் கேட்டார்கள் என்றுதான் அப்போஸ்தலர் நடபடிகள் சபையின் கதையையே ஆரம்பிக்கிறது. ரோமாபுரிச் சபைகூட முதலில் கிரேக்கத்தில்தான் வழிபட்டது. சனத்துக்குக் கிரேக்கம் புரியாமல் போனதால் நாலாம் நூற்றாண்டு வாக்கில் லத்தீனுக்கு மாறினார்கள். பின்னாளில் ‘லத்தீன்தான் புனித மொழி’ என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்களே, அந்த லத்தீன் உள்ளே வந்ததே சாதாரண சனத்துக்குப் புரிய வேண்டும் என்றுதான்.

அதே நூற்றாண்டின் கடைசியில் ஜெரோம் என்ற துறவி பைபிளை லத்தீனில் புதிதாகப் பெயர்த்தார். யோனா தீர்க்கதரிசியின் தலைக்கு நிழல் கொடுத்த செடியைப் பழைய பெயர்ப்பு சுரைக்கொடி என்றது, இவர் ஐவிக்கொடி என்று மாற்றினார். இன்றைய லிபியாவின் திரிப்போலியில் ஒரு ஆயர் அதைக் கோயிலில் வாசித்தார். சனம் கொந்தளித்துவிட்டது. பரம்பரை பரம்பரையாகக் கேட்டது சுரை, இது என்ன புதுச் செடி என்று. ஆயர் பதவியே ஆட்டம் கண்டதாக 403ல் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தினார் ஜெரோமுக்குக் கடிதம் எழுதினார். ஒரு செடிக்கு! நம்ம பழைய பைபிளில் அது ஆமணக்கு. நல்லவேளை, பாளையங்கோட்டையில் யாரும் கல்லெறிந்ததாகக் கேள்விப்படவில்லை.

சரி, இந்தச் செபத்துக்கே வருகிறேன். மத்தேயுவில் ஒரு மாதிரி இருக்கிறது, லூக்காவில் வேறு மாதிரி. லூக்காவின் பழைய பிரதிகளில் ஆரம்பமே வெறும் ‘தந்தையே’தான், பரமண்டலம் கிடையாது. மத்தேயு ‘கடன்களை மன்னியும்’ என்கிறார், லூக்கா ‘பாவங்களை மன்னியும்’ என்கிறார். அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். கிரேக்கத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அப்பா வழித் தாத்தா பலசரக்குக் கடை வைத்திருந்தார். வீட்டு ஜெபத்தில் மத்தேயுவை வாசித்து, ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்ற இடம் வரும்போது அவர் குரல் தணிந்துவிடும். பற்று நோட்டு பக்கத்து அலமாரியில்தானே இருக்கிறது. கலிலேயாவில் குத்தகைக்கும் வரிக்கும் கடன்பட்டு நின்ற சனத்துக்கு இந்த வரி எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குப் புரியவைத்தது எந்தப் பிரசங்கமும் இல்லை, தாத்தாவின் அந்தத் தொண்டைதான்.

‘அன்றாட உணவு’ என்கிறோமே, அதற்குக் கிரேக்கத்தில் இருக்கிற சொல் ‘எபியூசியோஸ்’. இந்தச் செபத்துக்கு வெளியே அதற்குத் திடமான பயன்பாடு கிடைத்ததே இல்லை. நாளைக்கான அப்பமா, வாழப் போதுமான அப்பமா, இன்றைக்குரிய அப்பமா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஜெரோம் மத்தேயுவில் ஒரு மாதிரியும் லூக்காவில் வேறு மாதிரியும் பெயர்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். பசிக்கிறவனுக்கு இதில் சந்தேகமே வராது என்பது வேறு விஷயம்.

நான் ரசிக்கிற இன்னொன்று உண்டு. இந்தச் செபத்தில் சிலுவை இல்லை, உயிர்த்தெழுதல் இல்லை, திரித்துவம் இல்லை. பெயர் பரிசுத்தமாகட்டும், ராச்சியம் வரட்டும் என்பதெல்லாம் யூதர்களின் கத்தீஷ் செபத்தோடு நெருங்கிய ஒட்டுறவு உள்ளவை. ஒரு யூதர் இதை அப்படியே சொல்லலாம், எந்த இடத்திலும் முள் குத்தாது. கிறிஸ்தவம் என்று நாம் இன்று சொல்லுகிற விசுவாசம் முழுக்க இதற்குப் பின்னால் வாதாடி, அடிபட்டு, உருவானது. விருத்தசேதனம் இல்லாமலே பிற இனத்தார் சேரலாமா என்று எருசலேமில் கூடிப் பேசினார்கள். மகன் தந்தையோடு ஒரே பொருளா இல்லையா என்று 325ல் நிசேயாவில் கூடினார்கள். புதிய ஏற்பாட்டுக்கு இன்னின்ன 27 நூல்கள் என்று நம் கையிலிருக்கிற அதே பட்டியல் முதன்முதலாகக் கிடைப்பது 367ல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் எழுதிய கடிதத்தில். அதுவரைக்கும் சனம் சும்மாவா இருந்தது? அப்பம் பிட்டது, முழுக்குக் கொடுத்தது, இந்தச் செபத்தைச் சொன்னது. வழக்கம் முந்தி, விளக்கம் பிந்தி.

நம் கடற்கரைக் கதையும் அப்படித்தான். 1542ல் வந்த சேசு சபைக் குரு சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் வந்துவிட்டது. 1544ல் தன்னோடு ஊழியம் செய்த மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதி அதைத் திருத்தச் சொல்கிறார். அதுவரைக்கும் கரையில் பரதவப் பிள்ளைகள் கடவுளை எனக்கு வேணும் வேணும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இலக்கணப்படி தப்பு. எனக்கென்னவோ அந்தத் தப்பை விட மனசில்லை. நம்புகிறேன் என்பதைவிட அது கொஞ்சம் உண்மையாகக்கூட இருந்திருக்கலாம்.

அதற்குப் பின் 1606ல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குரு நொபிலி, போர்த்துக்கீசிய வாடை அடித்த சொற்களைத் தள்ளிவிட்டுப் பூசை, சருவேசுரன் என்றெல்லாம் எழுதினார். நூறு வருஷம் கழித்து 1706ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார். கடவுளுக்கு ஒரு பெயர் வைப்பதற்குள் இவர்கள் பட்ட பாடு! சேசு சபைக் குரு ஹென்ரிக்கஸ் 1578ல் அச்சிட்ட நூலில் தம்பிரான், நொபிலிக்குச் சருவேசுரன், பதினெட்டாம் நூற்றாண்டில் பைபிளைப் பெயர்த்த பப்ரீசியஸுக்குப் பராபரன், 1871ல் வந்த பைபிளில் தேவன், அடுத்த நூற்றாண்டில் திருத்தியவர்கள் கடவுள் என்று போட்டதும் ‘எங்கள் தேவனை எடுத்துவிட்டார்கள்’ என்று புலம்பல். சுரைக்கொடிக் கதையேதான்.

ஆச்சிக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்த செபம் இது: ‘பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே, உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக.’ சிலுவை போடும்போது ‘பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து’; கடைசிச் சொல் பரிசுத்த ஆவிக்குப் போர்த்துக்கீசியம். அவள் சிறுமியாக இருந்தபோது பூசை லத்தீனில். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் அவரவர் மொழிக்கு வழிவிட்டது. கோயிலில் தமிழ் வந்தது, பிற்பாடு தமிழும் மாறியது. சின்னப்பர் பவுல் ஆனார், அருளப்பர் யோவான் ஆனார், பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆனது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே ஆச்சி பழையதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு சாயங்காலம் செபமாலை நடக்கும்போது, மறைக்கல்வி வகுப்புக்குப் போய்விட்டு வந்த பேரன் ஒருவன் நடுவில் நிறுத்தி, ‘ஆச்சி, அது அர்ச்சிக்கப்படுவதாக இல்ல, தூயது எனப் போற்றப்பெறுக’ என்று திருத்தினான். ஆச்சி மணியை விடாமல், ‘அத நீ கோயில்ல சொல்லுய்யா. எம் பேச்சு அவருக்குப் பழகிட்டு’ என்றாள்.

பையன்மேல் தப்பில்லை. புதுத் தமிழை நான் குறை சொல்லவும் இல்லை. ‘அர்ச்சிக்கப்படுவதாக’ என்றால் என்னவென்று இன்றைக்கு யாருக்குப் புரியும்? கோயிலில் புரிகிற மொழி வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஒரு கிழவி மணியை உருட்டிக்கொண்டிருக்கும்போது இடையில் புகுந்து திருத்துகிற உரிமை எவனுக்கும் கிடையாது.

திருத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘சோதனைக்கு உட்படுத்தாதேயும்’ என்ற வரி பல மொழிகளில் சிக்கலானது. கடவுளே பிள்ளையைச் சோதனைக்குள் தள்ளுவாரா என்ற கேள்வி வரும். பிரெஞ்சுக்காரர்கள் 2017ல் மாற்றினார்கள். அதே வருஷம் போப் பிரான்சிஸ் இத்தாலியப் பெயர்ப்பு சரியில்லை, தள்ளிவிடுகிறவர் அப்பன் இல்லை, விழுகிறது நான்தான் என்ற அர்த்தத்தில் பேசினார். 2020ல் வந்த இத்தாலியப் பூசைநூலில் அந்த வரி மாறிவிட்டது. ஆச்சியின் பழைய செபத்தில் அந்த இடம் எப்படி இருக்கும் தெரியுமா? ‘எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்.’ ரோமாபுரி போய்ச் சேர்ந்த இடத்தில் ஆச்சி பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாம்தான் அதை எடுத்துவிட்டு ‘உட்படுத்தாதேயும்’ என்று மாற்றினோம்.

வருகிற வாரம் முப்பதாம் நாள் பூசை. நினைவு அட்டை அடிக்கிற பொறுப்பு என் தலையில். பின்பக்கத்தில் எந்தச் செபம் போடுவது என்று இரண்டு கூட்டத்திடமும் நான் கேட்கவில்லை. ஆச்சி சொன்னபடி, இஸ்பிரீத்து சாந்து உட்பட, நினைவிலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்று அச்சகத்திலிருந்து ப்ரூஃப் வந்தது. கம்ப்யூட்டரில் உட்காரும் தம்பி ‘விழவிடாதேயும்’ என்பதை எழுத்துப்பிழை என்று நினைத்து ‘விழ விடாதீர்கள்’ என்று திருத்தி வைத்திருந்தார். பழையபடி மாற்றச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.