மீட்பு என்ற சொல்லும் அம்மாவின் சங்கிலியும்

போன ஞாயிறு ஆராதனையில் பாடம் வாசிக்கும் முறை எனக்கு. வேதத்தில் பவுல் அப்போஸ்தலன் எபேசியருக்கு எழுதிய நிருபம், இரண்டாம் அதிகாரம். வீட்டில் வாசித்துப் பழகிய திருவிவிலியத்தையே, அதாவது கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட் சபையாரும் சேர்ந்து செய்து 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பையே, கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். எல்லோரும் பழைய மொழிபெயர்ப்பில் கிருபை, இரட்சிப்பு என்று கேட்டுப் பழகிய இடத்தில் அருள், மீட்பு என்று வாசித்தேன். முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் நிமிர்ந்ததைக் கவனித்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போது, சின்ன வயதில் எனக்கு இருபத்துமூன்றாம் சங்கீதம் சொல்லிக்கொடுத்த ஒரு பெரியவர் கூப்பிட்டார். "ஏம்மா, கிருபைங்கிற வார்த்தையில இருக்கிற அபிஷேகம் அருள்ல இருக்கா? அது நம்ம வேதமே இல்ல. இனிமே பழசையே வாசி." கோபமாகச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுச் சொன்னார். "சரிங்க தாத்தா" என்று வந்துவிட்டேன். ஆனால் ஒரு வாரமாக மனசு அதிலேயே கிடக்கிறது. அவரை எதிர்த்துப் பேச இதை எழுதவில்லை. அவர் நேசிக்கிற அந்தப் பழைய வேதத்தை நானும் நேசிக்கிறேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் மீட்பு. இது புது வார்த்தை என்று நினைக்கிறோம். பழைய மொழிபெயர்ப்பில் யோபு பத்தொன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்." அடக்க ஆராதனையில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! மாற்கு பத்தாம் அதிகாரத்தில் மனுஷகுமாரன் தம்முடைய ஜீவனை "மீட்கும்பொருளாக" கொடுக்க வந்தார் என்று இருக்கிறது. எபேசியர் முதல் அதிகாரத்திலேயே "பாவமன்னிப்பாகிய மீட்பு" இருக்கிறது. இரட்சிப்பும் மீட்பும் இரண்டு வேறு கருத்துகள் என்பதால் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு வார்த்தைகளையும் வைத்திருந்தார்கள். இரட்சிப்பு என்றால் ஆபத்திலிருந்து காப்பாற்றுவது. வெள்ளத்தில் போகிறவனைக் கரையேற்றுவது மாதிரி. மீட்பு என்றால் விலை கொடுத்துத் திரும்பப் பெறுவது. பவுலுடைய காலத்துக் கிரேக்கத்தில் அதற்கான மூல வார்த்தை அடிமைகளையும் போர்க் கைதிகளையும் பணம் கட்டி விடுவிக்கும் இடத்தில் புழங்கியது.

எனக்கு இந்த வார்த்தை புரிந்தது பிரசங்கத்தில் இல்லை, அடகுக்கடையில். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்கு ஆபரேஷன். அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி கடைக்குப் போனது. வட்டி கட்டக்கூட முடியாமல் மாதங்கள் ஓடின. "இந்த மாசம் கட்டலைன்னா நகை மூழ்கிடும்" என்று அம்மா யாரிடமோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. மூழ்கிடும் என்ற அந்த வார்த்தை எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் என் தாய்மாமா வந்தார். நானும் கூடப் போனேன். சீட்டை நீட்டி, அசலையும் வட்டியையும் எண்ணி வைத்தார். கடைக்காரர் உள்ளேயிருந்து சின்ன துணிப் பையை எடுத்து வந்து, மேலே கட்டியிருந்த எண்ணைச் சீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு, சங்கிலியைத் தராசில் போட்டுக் காட்டினார். அதே எடை. கருத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். மாமா வீட்டுக்கு வந்து, "அக்கா, கழுத்துல போடு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

பின்னால் லேவியராகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்தை வாசித்தபோது நான் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒருவன் வறுமைப்பட்டுத் தன் நிலத்தை விற்றால், அவனுடைய நெருங்கிய உறவினன் வந்து அதை மீட்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த உறவினனை எபிரெயத்தில் கோயேல் என்பார்கள். யோபு "என் மீட்பர்" என்று சொல்வது இந்தக் கோயேலைத்தான். கணவனை இழந்த ரூத்துக்கு, அவள் கணவன் வழி உறவினனான போவாஸ் அப்படித்தான் வருகிறான். மீட்கிறவன் யாரோ ஒரு தர்மப்பிரபு இல்லை, முறைக்காரன், உறவுக்காரன். தேவன் மனிதனாகப் பிறந்தார் என்ற உபதேசத்தை எனக்கு விளங்க வைத்தது இதுதான். நம்மை மீட்பதற்கு அவர் முதலில் நமக்கு உறவானார். அந்தச் சங்கிலியின் எடை குறையவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை. மனுஷன் எவ்வளவு கறுத்தாலும், அடகில் இருக்கும்போதும் அவன் தேவசாயல்தான்.

இதே ரூத் புத்தகத்தில் பழைய மொழிபெயர்ப்பு போவாஸைச் "சுதந்தரவாளி" என்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் பெரிய பிள்ளைகளிடம் அர்த்தம் கேட்டேன். "சுதந்திரமா இருக்கிறவர்" என்றார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. சுதந்தரம் என்றால் அங்கே குடும்ப உரிமை, பிதிரார்ஜிதச் சொத்து. "சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்" என்று மனப்பாடமாகச் சொல்கிறார்கள், பரிசும் வாங்குகிறார்கள். என்ன கிடைக்கும் என்று கேட்டால் விடுதலை கிடைக்கும் என்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. அபிஷேகம் உள்ள வார்த்தை என்று நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோம், பிள்ளை அதைத் தப்பான அர்த்தத்தோடு வீட்டுக்கு எடுத்துப் போகிறது.

சரி, கிருபைக்கு வருகிறேன். தாத்தா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த வார்த்தையைக் கேட்டாலே நமக்குள் ஏதோ இளகுகிறது. ஆனால் அதுவும் பிறவிக் கிறிஸ்தவ வார்த்தை இல்லை. வடமொழியிலிருந்து வந்து, கோயில்களிலும் புராணங்களிலும் புழங்கி, அப்புறம் நம் ஜெபத்துக்குள் வந்தது. அருள் சாரமில்லாத சொல்லா? வள்ளுவர் "அருளென்னும் அன்பீன் குழவி" என்கிறார். அன்பு பெற்ற குழந்தைக்குப் பெயர் அருள். தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று யோவான் எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இந்தச் சொல் எவ்வளவு தூரம் நம்மைக் கூட்டிப்போகிறது என்று தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூற்று முப்பத்தாறாம் சங்கீதத்தில் 26 வசனங்கள். ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடியும். அங்கே எபிரெயத்தில் இருப்பது ஹெசெத். உடன்படிக்கை செய்துகொண்டவர் சொன்ன சொல் மாறாமல், மற்றவன் மாறினாலும் தான் மாறாமல் காட்டுகிற அன்பு. பவுல் எழுதும் கிருபையோ கிரேக்கத்தில் காரிஸ். தகுதி பார்க்காமல் கொடுக்கப்படும் ஈவு. பழைய வேதம் இரண்டுக்கும் கிருபை என்றே போட்டுவிட்டது. பொது மொழிபெயர்ப்பு சங்கீதத்தில் "பேரன்பு" என்றும் பவுலிடத்தில் "அருள்" என்றும் பிரித்துக் கொடுக்கிறது. இங்கே புதியது தெளிவு. ஆனால் இரட்சிப்பு, மீட்பு இரண்டையும் அதே புதியது பெரும்பாலும் மீட்பு என்ற ஒரே சொல்லில் அடக்குகிறது. பெத்லகேம் மேய்ப்பர்களுக்குப் பழையதில் இரட்சகர் பிறக்கிறார், புதியதில் மீட்பர் பிறக்கிறார். இங்கே பழையது தெளிவு. அதனால்தான் என் மேசையில் இரண்டும் இருக்கின்றன.

மனந்திரும்புதல் என்ற வார்த்தைக்கு மட்டும் நான் பழைய வேதத்தின் பக்கம் முழுசாக நிற்பேன். கிரேக்கத்தில் மெதநோயா, மனம் மாறுவது. எபிரெயத் தீர்க்கதரிசிகள் சொன்னது ஷூவ், திரும்பி வருவது. மனந்திரும்புதல் என்ற தமிழில் மனமும் இருக்கிறது, திரும்புதலும் இருக்கிறது. இரண்டு வேதமொழிகளும் ஒரே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. மனமாற்றம் என்று சொன்னால் அந்த வீடு காணாமல் போய்விடுகிறது. திரும்புவதற்கு ஒரு வீடும் வாசலில் காத்திருக்கிற ஒரு அப்பாவும் வேண்டுமே.

பாவம் என்ற சொல்லை இரண்டு மொழிபெயர்ப்புகளுமே மாற்றவில்லை. எனக்கு அதில் சந்தோஷம். எபிரெயத்தில் பாவம் செய்வதற்கான முக்கியமான வினைச்சொல், குறி தப்புவது என்ற அர்த்தத்திலும் வரும். நியாயாதிபதிகள் இருபதாம் அதிகாரத்தில் இடதுகைப் பழக்கமுள்ள 700 பேர் மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறிவார்கள் என்று வருகிறதே, அந்தத் "தப்பாமல்" என்ற இடத்தில் இருப்பது அதே வினைதான். கிரேக்க வார்த்தைக்கும் அப்படி ஒரு வேர் உண்டு. ஆனால் தமிழில் இன்னொன்றும் இருக்கிறது. செய்த தப்பும் பாவம், "ஐயோ, பாவம்" என்று இரங்குவதும் பாவம். சிலுவையில் தொங்கிக்கொண்டு "தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே" என்றவர் அந்த இரண்டு பாவத்தையும் ஒன்றாகப் பார்த்தவர் என்று நான் நம்புகிறேன்.

நீதிமானாக்கப்படுதல், அதாவது பாவியைத் தேவன் நீதிமானாக ஏற்றுக்கொள்வது, அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். லூத்தரன்களும் கத்தோலிக்கரும் பல நூற்றாண்டுகள் அதற்காகப் பிரிந்து நின்று, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். இப்போது அதற்குள் போகவில்லை.

"நம்ம வேதம்" என்று தாத்தா சொன்னாரே, அதன் கதையையும் கொஞ்சம் பார்க்கலாம். 1578இல் கொல்லத்தில் போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அச்சிட்ட சிறு நூலின் பெயர் தம்பிரான் வணக்கம். கடவுள் அங்கே தம்பிரான். பின்னால் கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரீசியஸ் என்ற ஜெர்மன் மிஷனரியின் மொழிபெயர்ப்பில் பராபரன். 1871இல் பவர் ஐயர் (போதகரை நாங்கள் ஐயர் என்போம்) தலைமையில் வந்த மொழிபெயர்ப்பில்தான் தேவன். நாம் இன்று பழைய வேதம் என்று மார்போடு அணைத்துக்கொள்வது அதைத்தான். அதற்கும் முன்னால் மிஷனரி ரேனியஸ் ஐயர் பப்ரீசியஸின் வேதத்தைத் திருத்தியபோது, கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். அவர் மனசும் தாத்தாவின் மனசு மாதிரித்தான் வலித்திருக்கும். தாயிடம் கேட்ட வார்த்தை போய்விடுமோ என்ற வலி. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் எந்த வார்த்தையில் அபிஷேகம் இருக்கிறது என்று பெரியவர்கள் சண்டை போடும் நேரத்தில், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். போதகர்களிடமும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். மனப்பாட வசனப் போட்டி நடத்துங்கள், நல்லது. பரிசு கொடுக்கும் முன் ஒரே ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேளுங்கள். தெரியாவிட்டால் அடகுக்கடையைச் சொல்லுங்கள், தாய்மாமாவைச் சொல்லுங்கள்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு மறுபடியும் என் முறை. ரூத் மூன்றாம் அதிகாரம். தாத்தா கேட்டபடி பழைய வேதத்திலிருந்தே வாசிக்கப் போகிறேன். வாசிக்கும் முன் சுதந்தரவாளி என்றால் யார் என்று இரண்டு வரி சொல்லிக்கொள்ள ஐயரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். மாமாவை அன்றைக்கு ஊரிலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மா அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வருவார்.