டார்ச் அடிச்சு ஒரு போட்டோ போட்டா என்னய்யா குறைஞ்சிடும்?

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு பழைய 50எம்எம் லென்ஸ் தேடுறேன்னு வாயத் திறந்தா போதும், ஆளாளுக்கு பேரா அடுக்குவாங்க. லைக்காவோட சம்மிட்டார் வாங்கு, கேனான் வாங்கு, காசுக்கேத்த லென்ஸ்னா ரஷ்ய ஜூபிட்டர்-8 தான். உள்ள கண்ணாடி என்ன நிலைமையில இருக்குன்னு கேக்க சொல்றாங்களா? யாரும் சொல்றதில்ல. அறுபது எழுபது வருஷம் எவன் எவன் கையிலயோ பொழங்கின சாமான்யா அது!

விக்கிறவங்கள நினைச்சா பத்திக்கிட்டு வருது. வெள்ளத்துணி மேல வெச்சு லென்ஸ சுத்தி சுத்தி படம் எடுத்துப் போடுறாங்க, மூடிக்கு ஒண்ணு, தோல் உறைக்கு ஒண்ணு, டப்பாவுக்கு ஒண்ணு, ஆனா கண்ணாடிக்குள்ள வெளிச்சம் அடிச்ச படம் மட்டும் இருக்கவே இருக்காது. கீழ "கிளியர் கிளாஸ், ஹேஸ் இல்ல, ஃபங்கஸ் இல்ல"ன்னு எழுதியிருக்கும், அதாவது உள்ள மங்கலான படலமும் இல்ல, பூஞ்சையும் இல்லையாம். அந்த தோல் உறைக்குள்ளயே வருஷக்கணக்கா பூட்டி வெச்சிருந்தா, சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல, ஃபங்கஸ் வராம வேற என்ன வரும்?

அப்படி எழுதினத நம்பித்தான் கேனான் 50எம்எம் 1.8 வாங்கினேன். வந்ததும் அப்பர்ச்சர, அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் போற துவாரத்த, முழுசா திறந்து, பின்பக்கத்துலேர்ந்து போன் டார்ச்ச கொஞ்சம் சாய்ச்சு அடிச்சுப் பாத்தா, அந்த துவாரத்தோட பிளேடுக்குப் பின்னாடி இருக்குற கண்ணாடி முழுக்க வெள்ளையா படலம். ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுத்தேன், அவரும் பொறுமையா பிரிச்சு துடைச்சு, படலம் போச்சு, ஆனா அதுக்கு அடியில கண்ணாடியே அரிச்சுப் போய் கிடக்கு, "இது இனிமே சரியாகாது தம்பி"ன்னு கையில குடுத்துட்டார். இந்த லென்ஸுக்கு இது ஊரறிஞ்ச வியாதி. வருஷக்கணக்கா இதையே வித்துட்டிருக்குற ஆளுக்கு மட்டும் தெரியாதாம்! திருப்பி அனுப்புறேன்னா பார்சல் செலவு நம்ம தலையில.

எஸ்எல்ஆர்னா கூட பரவால்ல, லென்ஸ் வழியாத்தான பாக்குறோம், மங்கலா இருந்தா கண்ணுல பட்டுரும். ரேஞ்ச்ஃபைண்டர்ல பாக்குற ஜன்னல் தனி, லென்ஸ் தனி. லென்ஸ் எவ்ளோ மோசமா கிடந்தாலும் ஃபைண்டர்ல எல்லாம் பளிச்சுனு தெரியும். இன்னிக்கு ஃபிலிம் விக்கிற விலைக்கு ஒரு ரோல் போட்டு, 36 படமும் எடுத்து முடிச்சு, லேபுக்கு குடுத்து, ஸ்கேன் கைக்கு வந்தப்புறம்தான் வண்டவாளம் தெரியும். அப்பத்தா திண்ணையில உக்காந்திருக்க, பின்னாடி சாயங்கால வெயில், அப்படி ஒரு படம் எடுத்தேன். வெயில் அப்படியே வழிஞ்சு வந்து அவங்க முகத்தையே முழுங்கிருச்சு, கறுப்பா இருக்க வேண்டிய கதவு சாம்பக் கலர்ல நிக்குது. இதக் காட்டினா "அதான் வின்டேஜ் கேரக்டர் ப்ரோ"ன்னு, பழைய லென்ஸோட தனி அழகாம், பதில் வருது பாருங்க, அங்கதான் எனக்கு தாங்கல!

என்னய்யா கேரக்டர்? ஜூபிட்டர்-8 எங்கேர்ந்து வந்துச்சு? 1930கள் தொடக்கத்துல லுட்விக் பெர்டெலே ஜெய்ஸ் கம்பெனிக்காக டிசைன் பண்ண சோனார் லென்ஸ், ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சப்புறம் அத சோவியத்ல பண்ணாங்க. அந்தக் காலத்துல கண்ணாடி மேல வெளிச்சம் திருப்பியடிக்காம தடுக்குற கோட்டிங்கே கிடையாது. கண்ணாடியும் காத்தும் சந்திக்கிற ஒவ்வொரு இடத்துலயும் வெளிச்சம் சிதறும்னு, 6 கண்ணாடிய 3 தொகுதியா ஒட்டி, அந்த இடங்களயே குறைச்சார் மனுஷன். எல்லாம் கான்ட்ராஸ்ட், அதான் கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வித்தியாசம், கெடக்கூடாதுன்னு! சுத்தமா இருக்குற ஜூபிட்டர்-8அ எஃப்2ல, அதாவது துவாரத்த முழுசா திறந்து வெச்சு, எடுத்துப் பாருங்க, நடுவுல நல்லா இருக்கும், ஓரம் மட்டும் மெதுவா குழையும், அது அந்த டிசைனோட குணம். உள்ள படிஞ்ச எண்ணெய்ப் படலத்தையும் அதையும் ஒண்ணா வெச்சுப் பேசுறது அந்த உழைப்பக் கேவலப்படுத்துறது.

அந்த ரஷ்ய லென்ஸ்லயும் நிம்மதி கிடையாது. உள்ள ஷிம்னு மெல்லிசா ஒரு வளையம் இருக்கும், எவனாவது பிரிச்சு மாட்டும்போது அத விட்டுட்டா ஃபோகஸ் காலி, அதுவும் ஃபைண்டர்ல தெரியாது. லைக்காவோட சம்மர், சம்மிட்டார் ரெண்டுலயும் முன்கண்ணாடி மென்மையானது, சட்டை நுனியால துடைச்சு துடைச்சு பாதிக்கு மேல கீறல். இன்டஸ்டார்-22ங்கிற ரஷ்ய லென்ஸ் மேல லைக்காவோட எல்மார்னு பேர் வெட்டி விக்கிற ஃப்ராடும் இருக்கு. திருகி மாட்டுற ஸ்க்ரூ லென்ஸ லைக்கா எம் கேமரா பாடியில மாட்டுற அடாப்டர் சரியா 1 மில்லிமீட்டர் தடிமன் இருக்கணும், மலிவா வாங்கினா அதுலயும் அடி.

அதனால பேரக் கேட்டு மயங்காதீங்க. உள்ள படலம் புடிச்ச சம்மிட்டாருக்கு கொட்டிக் குடுக்குற காசுல பாதி கூட வேணாம், கண்ணாடி சுத்தமா ஒரு இன்டஸ்டார்-61 கிடைக்கும், எஃப்2.8 தான், வெளிச்சம் கொஞ்சம் கம்மியா வாங்கும், இருக்கட்டுமே, படம் கத்தியா வரும். காசு அனுப்புறதுக்கு முன்னாடி டார்ச் வீடியோ கேளுங்க, ரெண்டு பக்கமும், அப்பர்ச்சர் திறந்து.

நானும் நேத்து ஒருத்தர்கிட்ட மரியாதையாத்தான் கேட்டேன், அண்ணே டார்ச் அடிச்சு ஒரே ஒரு படம் அனுப்புங்கன்னு. "சீரியஸா வாங்குறவங்க மட்டும் பேசுங்க"ன்னு பதில் போட்டு பிளாக் பண்ணிட்டார். இவ்ளோ காச எடுத்து நீட்டுறவன விட சீரியஸான ஆள் வேற யாருய்யா வேணும் உனக்கு?